விடுமுறையில் பிள்ளைகளும் ஸ்கிரீனும்: உங்க வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீங்க?

தாழ்வாரம்

வணக்கம் எல்லாருக்கும். பள்ளி மூடிய கையோடு எங்க வீட்டில் சண்டையும் ஆரம்பிச்சாச்சு. பெரியவனுக்கு 11 வயசு, சின்னவளுக்கு 5. நானும் அவரும் வேலைக்குப் போறவங்க. எனக்குப் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை. மாமியார் கூடவே இருக்காங்க, ஆனா முழங்கால் வலி, பிள்ளைங்க பின்னாடி ஓட முடியாது.

பள்ளி நாளில் யாரும் சொல்லாமலே ஒரு ஒழுங்கு இருக்கும். எழுந்திரு, குளி, கிளம்பு, திரும்பி வா, வீட்டுப்பாடம், தூக்கம். இப்போ கண் முழிச்சதும் சின்னவ கை டேப்லெட்டைத் தேடுது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது அவ பாட்டுக்கு உட்கார்ந்திருக்கா. மீட்டிங் முடிஞ்சு வாங்கப் போனா வீடே அதிர்ற மாதிரி அழுகை. பெரியவன் வேற ரகம். "போதும்டா"ன்னா, "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேம்லதான்மா இருக்காங்க, நான் மட்டும் யார்கிட்ட போய்ப் பேசுறது?"ன்னு கேட்கிறான். அதுல நியாயம் இருக்கிறதும் தெரியுது.

முழுசா நிறுத்த வழி கேட்கல. விடுமுறைன்னா வீட்டில் எல்லாரும் கொஞ்சம் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கணும், அது இந்த ஒரு பொருளால கெட்டுப்போகுது. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உங்க வீட்டில் என்ன செய்றீங்க?

கறார்

ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல கிடையாது. நேரம் முடிஞ்சா வாங்கி அலமாரியில் வெச்சுப் பூட்டணும். நாலு நாள் அழுவாங்க, அப்புறம் சரியாயிடும். நாம உறுதியா இருந்தா பிள்ளைங்களும் பழகிப்பாங்க. நாம குழம்பினா அவங்களும் குழம்புவாங்க.

ஏட்டுச்சுரை

கறார் சார், அந்த ரெண்டு மணி நேரக் கணக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல வருஷம் சொல்லிட்டு வந்தது. 2016-ல் அவங்களே ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே எண்ணைக் கைவிட்டுட்டாங்க. ஒவ்வொரு வீடும் தனக்குன்னு ஒரு திட்டம் போட்டு, அதை மாறாமல் கடைப்பிடிக்கட்டும்னு சொன்னாங்க. தூக்கம், விளையாட்டு, படிப்பு இதுல எதையும் ஸ்கிரீன் தின்னுடக் கூடாதுங்கிறதுதான் அதுல முக்கியம்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் எண் இன்னும் கறாராத்தான் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ரெண்டு வயசு ஆகிற வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம். ரெண்டு முதல் நாலு வயசு வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லது. வீடியோ காலுக்கு மட்டும் அமெரிக்கச் சங்கம் கைக்குழந்தைக்கும் விலக்கு கொடுக்குது. அந்தப் பக்கம் ஒரு ஆள் பதில் பேசுறதால அது வேற கணக்கு.

எனக்கு ரொம்ப உதவினது பிரிட்டனின் குழந்தை மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அதே 2019-ல் பெற்றோருக்குக் கொடுத்த கேள்விகள். அவங்க எந்த எண்ணையும் சொல்லல. வீட்டில் ஸ்கிரீன் நேரம் நம்ம கட்டுப்பாட்டில் இருக்கா, குடும்பமா நாம செய்ய நினைக்கிறதுக்கு அது குறுக்கே நிற்குதா, தூக்கத்தைக் கெடுக்குதா, பார்க்கும்போது கணக்கில்லாம நொறுக்குத்தீனி உள்ளே போகுதா. இதைத்தான் கேட்டாங்க. தாழ்வாரம், இந்த நாலையும் உங்க வீட்டுக்குப் போட்டுப் பாருங்க. எது உதைக்குதோ அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தப் போனா எதுவும் மாறாது.

இன்னொன்று. தாத்தாவோட வீடியோ காலில் பேசுற அரை மணியும், விரலால தள்ளித் தள்ளிக் குட்டி வீடியோ பார்க்கிற அரை மணியும், டேப்லெட்டில் படம் வரையுற அரை மணியும் கடிகாரத்துக்கு ஒண்ணுதான். பிள்ளைக்கு ஒண்ணு இல்ல.

தலைகீழ்_மாடி

எங்க வீட்டில் நாலு வயசுப் பொண்ணு. அழுகை பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதைத்தான் நானும் ரொம்ப நாள் கவனிச்சுப் பார்த்தேன்.

பிள்ளை பார்க்கிறதுக்காக அழல. பாதியில் பிடுங்குறதுக்காகத்தான் அழுவுது. நீங்க மீட்டிங் முடிஞ்சு வர்ற நேரமும் அந்தக் கார்ட்டூன் முடியிற நேரமும் ஒத்துப்போகாது. ஆட்டோபிளே போட்டிருந்தா அது முடியவே முடியாது. ஒரு கதை முடிஞ்ச உடனே மூலையில் ஒரு சின்ன வட்டம் சுத்தும், அடுத்த படம் தானா வந்துடும். அந்த வட்டம் சுத்துற சில நொடிதான் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிற ஒரே நேரம். அதையும் பறிச்சுட்டா அவளுக்கு "முடிஞ்சது"ங்கிற உணர்வு எங்கேயிருந்து வரும்?

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதையே ஆராய்ஞ்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுகளில் ஸ்கிரீனை நிறுத்துற நேரம் எப்படிப் போகுதுன்னு பெற்றோர்கிட்ட குறிப்பு எழுத வெச்சாங்க. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்"னு முன்கூட்டியே எச்சரிச்ச நேரங்களில் ரகளை குறையலையாம், கூடியிருக்கு. தினமும் அதே நேரத்தில் நிறுத்துற பழக்கம் இருந்த வீடுகளிலும், வீடியோ தானா முடிஞ்ச நேரங்களிலும்தான் பிள்ளைங்க அமைதியா எழுந்து போயிருக்காங்க. இதைப் படிச்ச அன்னைக்கே ஆட்டோபிளேயை அணைச்சேன். இப்போ முன்கூட்டியே டவுன்லோடு பண்ணின கதைகள் மட்டும்தான். "ரெண்டு கதை"ன்னு அவளே விரல் காட்டிச் சொல்லிட்டுத்தான் உட்காருவா. ரெண்டாவது முடிஞ்சதும் திரை சும்மா நிக்கும். பெரும்பாலும் அவளே கொண்டுவந்து கொடுத்துடுறா. கொடுக்காத நாளும் உண்டு, பசியிலும் தூக்கத்திலும் இருக்கிற நாள் அது.

அழுகையை நிறுத்த டேப்லெட் கொடுக்கிறதை மட்டும் தவிர்த்துடுங்க. மூணு முதல் அஞ்சு வயசுப் பிள்ளைகளைப் பத்தி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்து 2022 இறுதியில் வெளிவந்த ஆய்வில், சமாதானப்படுத்தவே அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், குறிப்பா ஆண் பிள்ளைகளிடம், கோபமும் அழுகையும் சட்டுனு ஏறி இறங்குறது கூடியிருந்தது. கோபம் தணியிற வரைக்கும் மடியில் வெச்சுக்கிட்டா நேரம் ஆகும்தான். ஆனா அதைத்தான் அந்த வயசில் கத்துக்கணும்.

மணியோசை

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. தாழ்வாரம் எழுதியதில் "யாரும் சொல்லாமலே ஒரு ஒழுங்கு இருக்கும்" என்ற வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். முதல் சில நாட்கள் காலை வகுப்பில் கண்கள் செருகும். மாதக்கணக்கில் நள்ளிரவுக்குப் பழகிய உடம்பு ஒரே நாளில் திரும்பிவிடாது.

உடல்பருமன் பற்றி ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். பிள்ளைகளின் உறக்கம், உணவு, ஓட்டம், திரை நேரம் நான்கும் அட்டவணையுள்ள நாட்களில் தாமாகவே கட்டுக்குள் இருக்கின்றன, அட்டவணை அவிழ்ந்த விடுமுறை நாட்களில் நான்கும் சேர்ந்தே சரிகின்றன என்பது அதன் சாரம். நான்கும் சேர்ந்து சரிவதை நாம் திரையின் தலையில் மட்டும் கட்டிவிடுகிறோம். பிள்ளை இரவு பன்னிரண்டுக்குத் தூங்கிப் பத்து மணிக்கு எழுந்தால் வெயிலுக்கு முந்திய விளையாட்டு நேரம் போயிற்று. வெளியே போக முடியாத பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே முதலில் உறக்கத்தைப் பிடியுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டுக்கு 9 முதல் 12, பதின்ம வயதுக்கு 8 முதல் 10 என்பது உறக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. விடுமுறையில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பாதகமில்லை. அதற்கு மேல் வேண்டாம். படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் எந்தத் திரையும் இல்லாமல் இருக்கட்டும். உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதை இரவு வெளிச்சம் தள்ளிப்போடும். பிள்ளைகளின் கண்மணி பெரிது, விழி லென்ஸ் தெளிவு, அதனால் அதே வெளிச்சம் நம்மைவிட அவர்களை அதிகம் தாக்குகிறது.

மற்ற நேரத்துக்கு மணிக்கணக்கில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள், அது இரண்டாவது பள்ளியாகிவிடும். காலையில் ஒரு நிலையான வேலை, மாலையில் ஒரு நிலையான வேலை, இரண்டு போதும். நடுவில் உள்ளது பிள்ளைகளுடையது.

வெளிச்சம்_20

கண் பரிசோதகரா வேலை பார்க்கிறேன். மணியோசை டீச்சர் சொன்ன "வெளியே"ங்கிறதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன்.

விடுமுறை முடிஞ்சதும் பெற்றோர் கூட்டமா வருவாங்க. "போன் பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு"ன்னு பிள்ளை முன்னாடியே திட்டுவாங்க. கிட்டப்பார்வைக்குப் போன் மட்டும் காரணமில்ல. புத்தகத்தை மூக்கில் ஒட்டி வெச்சுப் படிச்சாலும் கண்ணுக்கு அது கிட்டத்து வேலைதான். ஆனா பாதுகாப்பு எதுன்னு ஓரளவு தெளிவாவே தெரிஞ்சிருக்கு: பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்து 2015-ல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளியே விட்டாங்க. மூணு வருஷத்தில் அவங்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல விட்ட பள்ளிகளில் 39.5 சதவீதம். பள்ளி நேரம் போக, லீவு நாளிலும் பிள்ளைகளை வெளியே விடச் சொல்லிப் பெற்றோரையும் ஊக்குவிச்சாங்க. தைவான் 2010-லிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 120 நிமிஷம் வெளியேன்னு திட்டம் வெச்சு நடத்துது.

வீட்டுக்குள் விளக்கு போட்டாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம்தான். வெளியே மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன்ங்கிற வேதிப்பொருள் சுரக்குது, கிட்டப்பார்வையைக் கொண்டுவர்ற கண்விழியின் நீள வளர்ச்சியை அது மட்டுப்படுத்துதுன்னு ஆராய்ச்சியாளர்கள் கருதுறாங்க. ஓடணும்னுகூட இல்ல. நிழலில் உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கிட்டு இருந்தாலும் போதும். உச்சி வெயில் வேண்டாம், காலையும் சாயங்காலமும் பார்த்துக்கோங்க.

பெரியவன் கேம் ஆடும்போது போனுக்குப் பதிலா டிவியிலோ மானிட்டரிலோ ஆடட்டும். தூரம் கூடினா கண்ணுக்குச் சுமை குறையும். ஸ்கிரீனை உத்துப் பார்க்கும்போது கண் சிமிட்டுறது பாதியாக்கூடக் குறைஞ்சுடும், அதனாலதான் எரிச்சல். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடிக்கு அப்பால் இருக்கிற எதையாவது, 20 நொடி பார்க்கச் சொல்லுங்க. ஜன்னல் பக்கம் உட்கார வெச்சா சொல்லாமலே நடக்கும்.

தனிச்சிறகு

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா இதையெல்லாம் செய்ய வீட்டில் ஒரு பெரியவர் சும்மா இருக்கணும். என் வீட்டில் அப்படி யாரும் இல்ல. நான் ஒருத்திதான். பள்ளிக்கு விடுமுறை, என் வேலைக்கு இல்ல. ஒன்பது வயசுப் பையன் வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கணும், நான் நடுவுல நடுவுல கூப்பிட்டா எடுக்கணும். அதுக்கு அந்தப் போன் எனக்குத் தேவை. அவன் அதுல வீடியோ பார்க்கிறான்னு எனக்குத் தெரியும். தெரு முனையில் தனியா நிக்கிறதைவிட அது மேல்.

"வெளியே விடுங்க"ன்னு சொல்றவங்க, வெளியே யார் பார்த்துப்பாங்கன்னும் சொல்லணும். "தினம் ஒரே நேரத்தில் நிறுத்துங்க"ன்னா, அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் தொங்கிட்டு இருப்பேன். குற்ற உணர்ச்சியைக் கூட்டுற யோசனை எனக்கு வேண்டாம். என் நிலைமையில் என்ன முடியும்னு யாராவது சொன்னா கேட்டுக்கிறேன்.

ஏட்டுச்சுரை

> குற்ற உணர்ச்சியைக் கூட்டுற யோசனை எனக்கு வேண்டாம்

நூற்றுக்கு நூறு சரி. ஆய்வுகளைப் பத்தி நான் எழுதினதை உங்க மேல வைக்கிற தீர்ப்பா எடுத்துக்காதீங்க தனிச்சிறகு. பிள்ளை பத்திரமா இருக்கிறதுதான் முதல் கணக்கு. மத்தது எல்லாம் அதுக்குப் பின்னாடி. நேரத்தைக் குறைக்க முடியாத இடத்தில் எதைப் பார்க்கிறான்ங்கிறதை மாத்தலாம். நீங்களும் அவனும் முந்தின ராத்திரியே உட்கார்ந்து நாளைக்கு எதைப் பார்க்கலாம்னு தேர்ந்தெடுத்து வெச்சா, அவன் தேடித் தேடி எங்கேயோ போற வாய்ப்பு குறையும்.

மணியோசை

தனிச்சிறகு, என் வகுப்பில் உங்களைப் போன்ற தாய்மார்கள் பலர். அவர்களில் சிலர் சேர்ந்து செய்தது இது. ஒரே குடியிருப்பில் நாலைந்து வீடு சேர்ந்து, ஒவ்வொருவரும் தம் வார விடுப்பு நாளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு நாள் கடினம்தான், ஆனால் மற்ற நாட்களில் பிள்ளைக்குத் துணையும் கிடைத்தது, வெளியே ஓடவும் முடிந்தது. தெரிந்த வீடுகளாக, நீங்கள் முழுக்க நம்பும் வீடுகளாக இருக்க வேண்டும். அப்படி அமையாவிட்டால், நீங்கள் வீடு திரும்பியபின் உள்ள அரை மணி நேரத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அந்த நேரம் இருவர் கையிலும் போன் வேண்டாம். அன்று என்ன பார்த்தான் என்று அவனே சொல்லட்டும், திருத்தாமல் கேளுங்கள்.

எட்டாவது_சுற்று

எனக்கு 17 வயசு. அம்மா இந்த இழையைக் காட்டினாங்க, எழுதலாமான்னு கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

தாழ்வாரம் அக்கா, உங்க பையன் சொல்றது சாக்கு இல்ல. விடுமுறையில் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஆளுக்கொரு திசை. ராத்திரி ஹெட்செட் போட்டு ஆடும்போது பாதி நேரம் கேம் பத்திப் பேசவே மாட்டோம். ஒருத்தன் வீட்டில் சண்டை, ஒருத்தனுக்கு மார்க் பயம், இதெல்லாம் அங்கதான் வெளிய வரும். அதை மொத்தமா மூடினா அவன் தனியாயிடுவான்.

ஆன்லைன் மேட்ச்சை நடுவில் நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் தொடர முடியாது. நடுவில் எழுந்தா மத்தவங்க தோத்துடுவாங்க, சில கேம்ல பாதியில் போனவனுக்குத் தண்டனையும் உண்டு. அதனால "ஏழு மணிக்கு நிறுத்து"ன்னா சண்டை வரும். "ஏழுக்கு மேல புது மேட்ச் ஆரம்பிக்காதே"ன்னு சொல்லிப் பாருங்க. எங்க வீட்டில் அப்படித்தான். அம்மாவுக்கு ஒரு மேட்ச் எவ்வளவு நேரம்னு தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியும்ங்கிறதாலேயே நான் பொய் சொல்றதில்ல.

கடைசியா ஒண்ணு, கோபப்படாதீங்க. பெரியவங்க போனை வெச்சுட்டுப் பேசுங்க. சின்ன வயசில் நான் ஏதாவது சொல்ல வந்தா அப்பா "ம்"னு சொல்லுவார், கண்ணு போன்ல இருக்கும். நான் சொன்னதை நிறுத்திட்டுப் போயிட்டேன்னுகூட அவருக்குத் தெரியாது. இப்போ அவர் கேட்கத் தயாரா இருக்கார், எனக்குத்தான் சொல்ற பழக்கம் விட்டுப்போச்சு.

தலைகீழ்_மாடி

தம்பி, இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. நீ சொன்னதுக்கு ஆய்வும் இருக்கு. 2014-ல் பாஸ்டன் பகுதி துரித உணவகங்களில் சின்னப் பிள்ளைகளோட வந்த 55 பெரியவர்களை மருத்துவர்கள் ஓரமா உட்கார்ந்து கவனிச்சாங்க. 40 பேர் போனை எடுத்தாங்க. சிலர் சாப்பிட்டு முடியிற வரைக்கும் அதிலேயே. அவங்க கவனத்தை இழுக்கப் பிள்ளைங்க சேட்டை கூட்ட, அதுக்குத் திட்டும் வாங்கினாங்க.

உங்க அப்பா கேட்கத் தயாரா இருக்காருன்னா, சின்னதா ஏதாவது ஒண்ணு சொல்லிப் பாரு. அந்த மேட்ச் பத்தியே சொல்லு.

கறார்

என் பேரை வெச்சு நான் கல்நெஞ்சக்காரன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு மணி நேரம்ங்கிறது மருத்துவ உண்மைன்னு நான் சொல்லல. ஒரு எண் இருந்தா தினம் பேரம் இருக்காது, அதுக்காகச் சொன்னேன். "சூழ்நிலையைப் பொறுத்து"ன்னு சொன்னா பிள்ளை ஒவ்வொரு நாளும் சூழ்நிலையை உண்டாக்கும். அரசாங்கங்களே எண் வைக்குது. சீனாவில் 2021-லிருந்து 18 வயசுக்குக் கீழ் இருக்கிறவங்க ஆன்லைன் கேம் ஆட வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரைக்கும்தான் அனுமதி. ஆஸ்திரேலியாவில் 16 வயசு ஆகாதவங்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாதுன்னு சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது தீவிரமான விஷயம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்தத் தம்பி சொன்ன "புது மேட்ச் ஆரம்பிக்காதே" எனக்குப் பிடிச்சிருக்கு. அதுவும் ஒரு விதிதான், பிள்ளைக்குப் புரியிற விதி. அதை நான் எடுத்துக்கிறேன். பூட்டுற அலமாரியை மட்டும் விடமாட்டேன்.

மணியோசை

பேரம் குறைய வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பூட்டுவதில் இல்லை. பதினாறு, பதினேழு வயதில் கையில் சாவியோடு வெளியே போகப்போகிற பிள்ளைக்கு அலமாரி எதையும் கற்றுக்கொடுக்காது. ஐந்து வயதுக்கு நீங்கள் முடிவெடுங்கள். பதினொன்றுக்கு விதியை அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள், அவன் கேட்பதில் ஒன்றையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேப்பநிழல்

தாத்தா ஒருவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் எங்களிடம்தான் இருப்பார்கள். மகள் கிளம்பும்போது "போன் கொடுக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் மனைவிக்கும் எழுபது தாண்டியாயிற்று. பகல் முழுக்க ஈடுகொடுக்க உடம்பில் தெம்பில்லை. சொன்னதைக் காப்பாற்ற முடியாமல் போனால் மகளிடம் மறைக்க வேண்டியிருக்கிறது, பிள்ளைகளும் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தாழ்வாரம் அம்மா, உங்கள் மாமியாரை வைத்துக்கொண்டு பேசுங்கள். அவரால் எவ்வளவு நேரம் முடியும் என்று கேட்டு, அதற்கேற்ப விதி போடுங்கள். கதை சொல்ல முடியும், காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்காரவைக்க முடியும், கிழிந்த துணியைத் தைக்கச் சொல்லிக்கொடுக்க முடியும். மதியம் ஒரு மணி நேரம் அவர் கண்ணயர வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை படம் பார்த்தால் யாரும் யார் மேலும் குறை சொல்ல வேண்டாம்.

தாழ்வாரம்

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. எல்லாத்தையும் அவருக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

வேப்பநிழல் ஐயா சொன்னபடி முதல்ல அத்தைகிட்ட கேட்டேன். "உன் மாமா இருந்த வரைக்கும் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல"ன்னாங்க. மதியம் அவங்க தூங்குற நேரம்தான் சின்னவளோட டேப்லெட் நேரம்னு வெச்சோம், டவுன்லோடு பண்ணின கதைகள் மட்டும், ஆட்டோபிளே கிடையாது. முதல் ரெண்டு நாள் அழுகைதான். இப்போ பாட்டி படுத்தாத்தான் தனக்குப் படம்னு தெரிஞ்சு, பாட்டியைச் சீக்கிரம் படுக்கச் சொல்லி விரட்டுறா.

பெரியவனோட உட்கார்ந்து எழுதினோம். அவன் கேட்டது ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட ஆடுற நேரம். எட்டரைக்கு மேல புது மேட்ச் இல்லைன்னு அவனே எழுதினான். அதுக்குப் பதிலா காலையில் எழுந்து அப்பாவோட சைக்கிள். அப்பாவுக்கும் ஒரு விதி எழுதினான்: சாப்பிடும்போது போன் வேற அறையில். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சரியாகாதது பகல் பதினொரு மணிக்கு மேல். சைக்கிள் முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டு, "போரடிக்குது"ன்னு என் கதவை வந்து தட்டுறான். நான் மீட்டிங்கில் இருப்பேன். இதுக்கு ஏதாவது வழி இருக்கா? ராத்திரி போனை எங்க வைக்கிறதுன்னும் முடிவாகல, அலாரம் வேணும்னு படுக்கைக்கே கொண்டுபோறான்.

தனிச்சிறகு

"போரடிக்குது"ன்னு சொன்னா உடனே ஓடாதீங்க. என் பையன்கிட்ட நான் கவனிச்சது: ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் முனகுவான், சுத்திச் சுத்தி வருவான். அதைத் தாண்டிட்டா அவனே ஏதோ எடுப்பான். ஒரு நாள் பழைய கால்குலேட்டரைப் பிரிச்சு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வரிசையா பேப்பரில் ஒட்டி, பக்கத்தில் எது எங்கேயிருந்து வந்ததுன்னு எழுதி வெச்சிருந்தான். நான் வரும்போது தரை முழுக்கக் குப்பை, திட்ட மனசு வரல. குப்பை ஆகும்ங்கிறதுக்கு மட்டும் தயாரா இருங்க. பிரிக்கக்கூடியது, வெட்டக்கூடியது, ஒட்டக்கூடியது கை எட்டுற உயரத்தில் இருக்கட்டும். கரண்ட்டில் ஓடுறது எதுவும் வேண்டாம்.

ஏட்டுச்சுரை சொன்னபடி ராத்திரியே படம் தேர்ந்தெடுத்து வைக்கிறோம். அதுல வந்த நன்மை நான் எதிர்பார்க்காதது. அவன் என்ன பார்க்கப் போறான்னு எனக்குத் தெரியுறதால, வேலையிலிருந்து கூப்பிடும்போது பேச விஷயம் இருக்கு.

இணைப்பான்

மென்பொருள் வேலை பார்க்கிறேன், செட்டிங்ஸ் பத்தி மட்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க், ஆப்பிளில் ஸ்கிரீன் டைம், ரெண்டும் இலவசம். ராத்திரி இத்தனை மணிக்கு மேல போன் பூட்டிக்கணும்னு வைக்கலாம், ஒவ்வொரு ஆப்புக்கும் தனி நேரமும் வைக்கலாம். யூடியூப் கிட்ஸில் டைமர் இருக்கு, நேரம் முடிஞ்சா ஆப்பே "முடிஞ்சது"ன்னு காட்டிப் பூட்டிக்கும். நீங்க கெட்டவங்க ஆக வேண்டாம். ஆனா பிள்ளைக்குத் தெரியாம இதைப் போடாதீங்க. என்ன போடுறோம், ஏன் போடுறோம்னு உட்கார வெச்சுக் காட்டிட்டுப் போடுங்க. இல்லைன்னா உடைக்கிற வழியைத் தேடுவான், பதினொரு வயசுக்கு அது கஷ்டமே இல்ல.

அலாரத்துக்குத் தனியா ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிடுங்க. வீட்டில் இருக்கிற எல்லாப் போனும், உங்களோடதும் சேர்த்து, ராத்திரி கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். வேலைக்காக அவசர அழைப்பு வரும்னா ரிங்டோன் சத்தத்தைக் கூட்டி வைங்க, கூடத்திலிருந்து கேட்கும்.

எட்டாவது_சுற்று

அக்கா, பதினொரு மணிக்கு ஒரு யோசனை. அவனுக்குக் கேம் பிடிக்கும்னா கேம் செய்யச் சொல்லிக் கொடுங்க. ஸ்க்ராட்ச்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2007-ல் வெளியிட்டது, 8 முதல் 16 வயசுப் பிள்ளைங்களுக்காகவே செய்தது, காசு கிடையாது. கட்டம் கட்டமா இழுத்துப் போட்டுக் கேம் செய்யலாம். ஸ்கிரீன்தான், ஆனா வேற மாதிரி. முதல் நாள் முழுக்க ஒரு பூனையை நடக்க வைக்கவே போயிடும். தங்கச்சிக்கு ஒரு கேம் செய்து கொடுக்கச் சொல்லுங்க.

கறார்

விடுமுறைக்குச் சொந்தக்காரப் பிள்ளைங்க வரும்போது என்ன செய்றீங்க? அவங்கவங்க போனோட வர்றாங்க. என் வீட்டு விதி என் பிள்ளைக்கு மட்டும்னா அவன் ஓரமா நின்னு மத்தவங்க தோளுக்கு மேல எட்டிப் பார்க்கிறான். பார்க்கப் பாவமா இருக்கு.

வேப்பநிழல்

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடப்பது இது. வந்த பிள்ளைகளின் போனைப் பிடுங்குவது முறையல்ல, அவர்கள் பெற்றோருக்கும் வருத்தம். முதல் நாள் நாங்கள் எதுவும் சொல்வதில்லை. பயணக் களைப்பு, புது இடம், பார்த்துவிட்டுப் போகட்டும். மறுநாள் காலை எல்லோரையும் உட்காரவைத்து, சாப்பிடும் நேரமும் மாலை விளையாட்டும் எல்லோருக்கும் ஒன்று, பெரியவர்களுக்கும் சேர்த்து என்று சொல்லிவிடுவேன். உங்கள் பையனுக்கும் அந்த நாட்களில் கொஞ்சம் தளர்த்துங்கள். எல்லோரும் சேர்ந்து பெரிய திரையில் ஒரு படம் பார்ப்பது வேறு, ஆளுக்கொரு மூலையில் பார்ப்பது வேறு. வருவதற்கு முன்னால் அவர்கள் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கறார்

நன்றி ஐயா. சனிக்கிழமை வர்றாங்க. இன்னைக்கே என் தம்பிகிட்ட பேசுறேன்.